ரோண்டாவின் முதல் கார் என்ன நிறம்?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மொடெஸ்டோ நகரில் என் பக்கத்து வீட்டுக்காரி ரோண்டா, இரவல் வாங்கிய புல்வெட்டியைத் திருப்பித் தரும்போது வேலிக்கு மேலாகச் சொன்னது. "எழுதுறதா இருந்தா என்னை ஒல்லியா எழுதுங்க" என்றாள். ஆகவே, ரோண்டா ஒல்லியானவள். சவ ஊர்தி ஓட்டுபவள்.

முதல் தொடக்கம்: 'மரணத்தை முந்திச் சென்ற அந்தப் பெண்ணின் கண்களில்...' (அடித்துவிட்டேன். எனக்கே பயமாக இருந்தது.)

இரண்டாவது: சவப்பெட்டியோடு வேக வரம்பை மீறி ரோண்டா போலீஸிடம் மாட்டினாள். இது போதும்.

2

சாலை விதியை மீறியவர்களுக்கான ஆன்லைன் பாடமான டிராஃபிக் ஸ்கூலை முடித்துவிட்டால் அந்தக் குற்றம் காப்பீட்டுக்காரர்கள் கண்ணில் படாது. பட்டால் ரோண்டாவுக்கு வேலை போய்விடும். கெடுவின் கடைசி நாள் மதியம்தான் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பாதிப் பாடத்தில்* திரை மறித்தது. 'இது நீங்கள்தானா? பதிவின்போது சொன்னபடி, உங்கள் முதல் கார் என்ன நிறம்?'

"நீலப்பச்சை" என்று அடித்தாள். தவறு. இன்னொரு முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடுவார்களாம்.

(*ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. எவ்வளவு வேகமாகப் படித்தாலும் அது ஓடி முடியாமல் அடுத்த பக்கம் வராது. அவசரக்காரர்களுக்கு இதைவிட நல்ல தண்டனை எனக்குத் தோன்றவில்லை.)

3

அந்தக் காரை அவளோடு சேர்ந்து வாங்கியவன் மெர்ல், முன்னாள் கணவன். விவாகரத்துக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. (அவனை வில்லனாக்கினால் எனக்கு வசதி. எழுதிப் பார்த்தேன், ஆள் ஒத்துழைக்கவில்லை.)

"மெர்ல், ரோண்டா பேசுறேன். நம்ம முதல் கார் என்ன கலர்?"

"இத்தனை வருஷம் கழிச்சு இதைக் கேக்கத்தான் போன் பண்ணியா?"

"டிராஃபிக் ஸ்கூல்ல மாட்டிக்கிட்டேன். சொல்லித் தொலை."

"சவ வண்டியிலயா வேகமாப் போன? பொணத்துக்கு என்னடி அவசரம்?"

"பொணத்துக்கு இல்ல, பாதிரியாருக்கு. அடுத்து ஒரு கல்யாணம் இருக்குன்னு பறந்தாரு."

மெர்ல் இருமும்வரை சிரித்தான். பிறகு, "கார் நீலம்" என்றான்.

"பச்சை!"

"அதான் விடை. நான் பாக்காட்டியும் என்னை ஜெயிக்கணும்னு பச்சைன்னுதான் போட்டிருப்ப."

பச்சை என்று அடித்தாள். திரை வழிவிட்டது.

அவள் போனை வைக்கவில்லை. கடிகாரம் ஓடும்வரை வேறு என்ன செய்வது? மஞ்சள் விளக்கு, மழைநாள் பிரேக், குடிபோதை என்று பாடங்கள் நகர நகர இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தேர்விலும் தேறிவிட்டாள். "சனிக்கிழமை அந்தப் பக்கம் வர்ற வேலை இருக்கு" என்றான் மெர்ல். அவனுக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது.

4

முடிவு அ: கட்டிக்கொள்கிறார்கள். (ரோண்டா என்னைக் கொன்றுவிடுவாள். வண்டியும் அவளிடமே இருக்கிறது.)

முடிவு ஆ: நீலமா பச்சையா என்று மறுபடியும் சண்டை பிடித்து...

இன்று சனிக்கிழமை. ரோண்டா வீட்டுக்கு எதிரே மெர்லின் பிக்கப் வண்டி நிற்கிறது. எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். வாசல் கதவைப் பாதி திறந்து ரோண்டா நிற்கிறாள். நீ வா என்று அவன் கையசைக்கிறான். நீ வா என்று அவளும் அசைக்கிறாள். நாற்சந்தியில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்ற மாதிரி.

யார் முதலில் நகரவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பின்னால் நான் நிற்கிறேன். ஹாரன் அடிக்கமாட்டேன்.