ஓரடி தூரத்துச் சிவப்பு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சின்னதாக ஒரு டார்ச் வாங்கலாமென்று இணையக் கடை ஒன்றில் மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு டார்ச்சின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: 'ஓரடி தூரத்தில் சிவப்பு சரியாகத் தெரியுமா?' கேட்டவர் ஊர் திருச்சி. எவ்வளவு தூரம் அடிக்கும், மழையில் நனையலாமா என்று மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

ஓரடி தூரத்தில் சிவப்பைப் பார்க்க வேண்டியவர் யாராக இருக்கும்? இரண்டு நாள் அந்த நினைப்பாகவே இருந்தது. மூன்றாம் நாள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன்: பீமராவ்.

முதலில் எழுதிய தொடக்கம்: பீமராவ் டார்ச் வாங்கப் புறப்பட்ட அன்று காவிரியில் தண்ணீர் இரு கரையும்

(வேண்டாம். அவர் பாலத்தைத் தாண்டியது டவுன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஆற்றைப் பார்க்கவேயில்லை.)

அடுத்தது: மகாலட்சுமியின் முதுகில் புண் வந்ததற்கு யார்

(இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே குற்றவாளியைத் தேட எனக்கு மனம் வரவில்லை.)

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2

பீமராவ் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காவிரிக்கு அக்கரையில், அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. எதை வாங்கினாலும் நான்கு கடை ஏறி இறங்கி, விசாரித்து, வீட்டுக்கு வந்து யோசித்து, மறுநாள் போய் வாங்குகிறவர்.

அவர் மனைவி மகாலட்சுமி தெப்பக்குளத்தருகே ஒரு மேட்சிங் சென்டரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். புடவையைக் கொண்டுவந்து நீட்டினால், கடை வாசல் வெளிச்சத்துக்கு அதை ஒரு தடவை எடுத்துப்போய்ப் பார்ப்பாள். பிறகு உள்ளே வந்து அலமாரியிலிருந்து ஒரே ஒரு ஜாக்கெட் துணியை உருவுவாள். இரண்டாவது துணியை உருவியதாக யாரும் சொன்னதில்லை.

தை மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. ஆனால் புரியும். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் சொன்ன முதல் முழு வாக்கியம்: "இனிமே என்னை அங்க அனுப்பாதீங்க."

பாலக்கரையிலிருந்து நசீரா என்ற நர்ஸ் செவ்வாயும் சனியும் வந்து பார்த்துப்போவாள். மற்ற நாட்களில் எல்லாம் பீமராவ்தான். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பார். துடைத்துப் பவுடர் போடுவார். மதியம் ஃபோன் வெளிச்சத்தில் முதுகைப் பார்ப்பார். அவள் படுத்திருந்தது நடு அறை. அதற்கு ஜன்னல் கிடையாது.

ஒரு சனிக்கிழமை நசீரா தன் பையிலிருந்த குட்டி டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இது எப்பலேருந்து இருக்கு?"

"எதும்மா?"

"இடுப்புக்குக் கீழ, எலும்பு மேல. எலுமிச்சம்பழம் அளவுக்குச் செவந்திருக்கே."

"தினமும் பாக்கறேனேம்மா. நேத்துகூடப் பாத்தேன். ஒண்ணும் இல்லையே!"

"ஃபோன் லைட்டுலயா பாக்குறீங்க? அதுல செவப்பு சரியா எடுக்காது சார். எல்லாம் சாம்பலாத் தெரியும். நல்ல டார்ச் ஒண்ணு வாங்கிக்குங்க. செவப்பு அதிகமானாலோ, ஊதா, கறுப்புன்னு மாறினாலோ உடனே எனக்குப் போன் பண்ணணும். நான் வர்ற வரைக்கும் பாத்துட்டு இருக்கக் கூடாது, என்ன?"

தன் டார்ச் குவைத்திலிருந்து அண்ணன் கொண்டுவந்தது, பெயரெல்லாம் தேய்ந்துவிட்டது என்றாள்.

3

இங்கே நீங்கள் குறுக்கிடுவீர்கள் என்று தெரியும். கட்டிலை முன்னறை ஜன்னலுக்கு நகர்த்தினால் என்ன? நானும் பீமராவைச் சந்தேகப்பட்டேன். கருமியோ, சோம்பேறியோ என்று. எழுத எழுதத்தான் தெரிந்தது, தடுத்தது அவரல்ல. சந்தில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி துணி விலக்கிப் படுக்க மகாலட்சுமி சம்மதிக்கவில்லை.*

(* ஃபோனில் படம் பிடித்து நசீராவுக்கு அனுப்பியிருக்கலாமே? பீமராவ் கேட்டார். "என் முதுகு யார் போன்லயும் இருக்கக் கூடாது" என்றாள். அதற்குமேல் அவரால் கேட்க முடியவில்லை. எனக்கும் அவளை மாற்றி எழுதத் துணிவில்லை.)

4

மறுநாளிலிருந்து பீமராவ் டார்ச்சுகளைப் படித்தார். வெளிச்சத்துக்கு சி.ஆர்.ஐ. என்றொரு மதிப்பெண் உண்டு. வெயிலில் தெரிகிற நிறத்தை எவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை. மொத்தத்தில் எண்பது வாங்கிவிட்டு ஆழ்ந்த சிவப்பில் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி வாங்கும் விளக்குகளும் உண்டு. அதற்குத் தனி எண் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பழைய பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு சிங்காரத்தோப்புக் கடைவீதிக்குப் போனார்.

"இதப் பாருங்க சார்," என்றார் கடைக்காரர். "மலைக்கோட்டை உச்சியில நின்னு அடிச்சா அரை கிலோமீட்டர் போகும்."

"எனக்கு அரை கிலோமீட்டர் வேணாங்க. ஓரடி போதும். செவப்பு செவப்பாத் தெரியணும்."

"டார்ச்சுல கலர் பாக்குற ஆளை இப்பதான் சார் பாக்குறேன்!"

அங்கே ஒன்று வாங்கினார். இணையத்தில் இரண்டு வரவழைத்தார். ஒவ்வொன்றையும் மகாலட்சுமியின் துணிப்பெட்டியிலிருந்து எடுத்த ஜாக்கெட் துண்டுகள் மேல் அடித்துப் பார்த்தார். அரக்கு, மெரூன், மாதுளை, தக்காளி. எந்த டார்ச்சிலும் அவருக்குத் தெளிவாகவில்லை. மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்.

"இது அரக்குதானே மகா?"

"மெரூன்."

"அப்ப இது?"

"அதுவும் மெரூன்தாங்க. அதே துணிதான். திருப்பிப் போட்டிருக்கீங்க." அவள் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

(அந்தச் சிரிப்போடு கதையை நிறுத்திவிடலாமென்று ஒரு வாரம் யோசித்தேன்.)

5

நான்காவது டார்ச் அடுத்த சனிக்கிழமை காலை வந்தது. சுண்டுவிரல் நீளம். சி.ஆர்.ஐ. தொண்ணூற்றைந்து. சிவப்புக்கும் நல்ல மதிப்பெண். நசீரா வரும்போது பீமராவ் அதையும் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுவும் சரியில்லம்மா. அனுப்பிடப் போறேன்."

அவள் வாங்கி மகாலட்சுமியின் முதுகில் அடித்தாள். "என்ன சார்! என்னோடதைவிட சூப்பரா இருக்கே. இங்க பாருங்க, விளிம்பே தெரியுது."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தோல்தான் தெரிந்தது.

நசீரா கட்டில்மேல் கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது ரெண்டும் என்ன கலர் சார்?"

"ரெண்டும் அரக்கு."

ஒன்று அரக்கு. இன்னொன்று மருதாணி இலைப் பச்சை.

நசீரா துண்டுகளைக் கீழே வைத்தாள். மகாலட்சுமிதான் பேசினாள். "அது அவருக்கே தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?" என்றார் பீமராவ்.

"தலை தீபாவளியிலேருந்து. உனக்குப் புடிச்ச அரக்குன்னு சொல்லி ஒரு பொடவை வாங்கிட்டு வந்தீங்களே. பச்சை அது."

"சொல்லியிருக்கலாமே மகா."

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. கட்டிக்கிட்டேன்."

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். ஒரு வாரமாக எந்தக் குறையும் இல்லாத விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு முன்பு எத்தனை நாள் அந்தச் சிவப்பின் மேலேயே பவுடர் போட்டாரோ. தண்ணீர் பாத்திரத்தை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது.

6

வழி கண்டுபிடித்தது மகாலட்சுமி. "முகம் பாக்குற கண்ணாடியைக் கொண்டாங்க. நீங்க லைட்டப் புடிங்க. நான் பாக்குறேன்."

நசீராவே ஒரு முறை செய்து காட்டினாள். பக்கவாட்டில் படுத்து, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒன்று. இடையே பீமராவின் கையில் டார்ச். இருபத்திரண்டு வருடம் பிறர் புடவையைப் பார்த்த கண் இப்போது தன் முதுகைப் பார்த்தது.

"மாதுளை," என்றாள் ஞாயிறன்று.

"மாதுளைதான். ஓரம் வெளுத்திருக்கு," என்றாள் திங்களன்று.

செவ்வாயன்று நசீரா பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது கரெக்ட். குறைஞ்சிட்டு வருது" என்றாள். பீமராவ் வெளியே போய் முறுக்குப் பொட்டலம் வாங்கிவந்தார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

புதனன்று மகாலட்சுமி வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். பீமராவ் டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தார்.

"என்ன கலர் மகா?"

"கலரே இல்லீங்க. தோல் நெறத்துக்கே வந்துடுச்சு. போதும், அணைங்க."

வியாழக்கிழமை, பார்க்க வேண்டாம், சரியாகிவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் உடம்பு கொதித்தது. நசீராவுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்த டாக்டர், அந்த இடம் கறுத்துப்போயிருக்கிறது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். ஆறாம் நாள் மகாலட்சுமி இறந்துபோனாள்.

7

(இதை மாற்ற முயன்றேன். ஒரு பிரதியில் அவள் பிழைத்து எழுந்து உட்காருகிறாள். அந்தப் பிரதியில் யார் பேசுவதும் என் காதில் விழவில்லை. கிழித்துவிட்டேன்.)

ஆனால் புதன்கிழமையை என்னால் முழுதாக எழுத முடியவில்லை. கண்ணாடியில் அவள் என்ன பார்த்தாள்? மேலே தோல் தேறி, உள்ளே அழுகியிருக்கலாம். அப்படி நடப்பதுண்டு. அல்லது கறுப்பைப் பார்த்திருக்கலாம். பார்த்து, ஆஸ்பத்திரியை நினைத்து, டார்ச்சைப் பிடித்திருந்தவரின் முகத்தையும் நினைத்து, ஒரு பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்ட அதே மனத்தோடு பொய் சொல்லியிருக்கலாம். அவளைப் படைத்தவன் நான்தான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நசீரா வந்தாள். பீமராவ் காபி போட்டுக் கொடுத்தார். முன்னறையில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில்.

"நசீராம்மா, ஒண்ணு கேக்கணும். புதன்கிழமை அவ பாத்தப்ப... நெஜமாவே ஒண்ணும் இல்லாம இருந்திருக்குமா?"

நசீராவின் பதிலை மூன்று தடவை எழுதினேன். ஒன்றில் அவள் நர்ஸாகப் பேசினாள். ஒன்றில் மகளைப் போலப் பேசினாள். மூன்றாவதில் பேசவேயில்லை. எதுவும் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி இல்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவர் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டுதான் அவர் மிச்ச நாட்களைக் கழிக்க வேண்டும்.