அரசப்பன் ஹாலில் இரண்டு நன்றிகள்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் அரசப்பன் ஹார்டுவேர்ஸ் கடைக்கு மேலே ஒரு மினி ஹால் இருக்கிறது. என் சித்தப்பா மகள் ஈஸ்வரியின் பையன் குணா முதல்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். இருமுடி கட்டும் பூஜை, அன்னதானம் எல்லாம் அந்த ஹாலில். நான் பொன்னேரியிலிருந்து ரயிலேறிப் போய், பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவ வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவில் காகிதம் ஒன்றைக் கிழித்த தடம் இருந்தது. பசை காய்ந்து, அரசு முத்திரையில் பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா ஈஸ்வரி இது? சீல் வெச்ச மாதிரி இருக்குது?"

"அது ஒண்ணும் இல்லண்ணே. எங்கூட வேல பாக்குற விக்டோரியா, அவங்க சபைக்காரங்க ஞாயித்துக்கெயம ஜெபம் பண்ணிக்கினு இருந்தாங்க. ஆபீசர் வந்து பூட்டிட்டாரு. அப்பால ஓனரு, இனிமே இந்த ஹால்ல யாரையும் சாமி கும்புட உடமாட்டேன்னு எழுதிக் குடுத்தாரு. தொறந்துட்டாங்க."

அவள் இதைச் சொன்னபோது அவள் கையெல்லாம் நெய். உள்ளே சரணகோஷம் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாண்ணே சிரிக்கிற?" என்று கேட்டாள், நிஜமாகவே புரியாமல். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'வணிகக் கட்டடங்களில் அனுமதி பெறாமல் வழிபாட்டுக் கூட்டம் நடத்துவது விதிமீறல்தான் என்றாலும், அந்த விதியின் கண்ணுக்கு எது கூட்டம், எது கூட்டமில்லை என்பதை...'

(விட்டுவிட்டேன். இது கட்டுரை. இதைப் படித்துவிட்டு சண்டை போடுவார்கள். ஒருவரும் விக்டோரியாவை நினைக்க மாட்டார்கள்.)

'முரட்டு மீசையை முறுக்கியபடி அந்த அதிகாரி படியேறி...'

(அடச்சீ. இந்தக் கதையின் அதிகாரியை நான் நேரில் பார்த்தேன். பாவம், சாதுவான முகம்.)

'விக்டோரியாவின் கையில் மைக் இருந்தது.'

இது நிற்கும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.*

* விக்டோரியாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தேன். கீழே வருவதில் பெரும்பகுதி என் கட்டுமானம். அவளுடைய ஆட்கள் ஒரு காலத்தில் என் அப்பாவைப் போன்றவர்களின் வயலில் நாற்று நட்டவர்கள். யார் யாருடைய கதையைக் கட்டுகிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

3

விக்டோரியாவின் கையில் மைக் இருந்தது. சபையில் அது சாட்சி சொல்லும் நேரம். தனக்கு நடந்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லி, கர்த்தருக்கு நன்றி செலுத்துவதற்குப் பெயர் சாட்சி. அவள் ஒன்றும் பேச்சுக்காரி இல்லை. சிப்காட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை, வீட்டில் ஒரே மகள் ஏஞ்சல். கணவன் தாவீது இறந்தபோது பெட்டியைத் தூக்கியது சபை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது சபை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு நாதி கிடையாது.

அன்றைக்கு அவள் குணாவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம், என் குணாவைத்தான். நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடித்து அவன் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈஸ்வரியோடு உட்கார்ந்திருந்தவள் விக்டோரியா. ஈஸ்வரி ஐயப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். விக்டோரியா உபவாசம் இருந்து ஜெபித்தாள். "ரெண்டு பேருமா ஆளுக்கொரு கையப் புடிச்சு அவன மேல இழுத்துட்டம்" என்று ஈஸ்வரி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லுவாள்.

மேடையில் ஒரு கேக் இருந்தது. இதை விளக்கியாக வேண்டும். வாராவாரம் ஜெபத்துக்கு என்று ஹாலைக் கொடுக்க ஓனர் அரசப்பனுக்குப் பயம். "பாஸ்டரே, பர்த்டே பார்ட்டின்னு இருக்கட்டும். யாரு வந்து கேக்கப்போறா?" என்று யோசனை சொன்னார். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு கேக், ஒரு பிறந்தநாள் குழந்தை. சபைப் பிள்ளைகளுக்கு ஒரே வருஷத்தில் மூன்று நான்கு முறை வயது ஏறியது. பாஸ்டர் எபினேசர் ஒவ்வொரு வாரமும் கேக்கை வெட்டுவதற்கு முன் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

வருவாய் ஆய்வாளர் சரவணகுமார் இரண்டு பேரோடு படியேறி வந்தார். எபினேசர் பதறிப்போய் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். பின்வரிசையில் நாலைந்து பேர் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாட ஆரம்பித்தார்கள். ஆய்வாளர் நேரே மைக் வைத்திருந்தவளிடம் வந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

அவள் கேக்கைப் பார்த்தாள். பாஸ்டரைப் பார்த்தாள். சாட்சி பாதியில் நின்றிருந்தது. கர்த்தர் குணாவைப் பிழைக்க வைத்தார் என்று சொன்ன வாயால், அந்த மூச்சு அடங்குவதற்குள், பர்த்டே என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஆராதனை நடக்குது சார். வாராவாரம் நடக்குது."

மைக் ஆனில் இருந்தது. கீழே ஹார்டுவேர்ஸ் கடைவரைக்கும் கேட்டது.

4

அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். வணிகப் பயன்பாட்டுக் கட்டடத்தில் அனுமதியற்ற வழிபாடு என்று நோட்டீஸ். (எந்த ஆபீஸ் என்று தேடாதீர்கள். கட்டிய கதைக்குக் கட்டிய ஆபீஸ் போதும்.)

சபை உதிர்ந்துபோனது. சிலர் வேறு சபை தேடிப் போனார்கள். மற்றவர்கள் ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் வீட்டுக்குள் பாடினார்கள். விக்டோரியாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பெனியில் கூட உட்கார்ந்து சாப்பிட்ட சபை சிஸ்டர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஈஸ்வரிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடு, எல்லாம் பேஜாரு புடிச்சதுங்க. நீ துன்னு" என்றாள்.

ஏஞ்சல் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்த, பர்த்டேன்னு சொல்லியிருந்தா இன்னா? சாமி கோச்சிக்கினு போயிருக்குமா?"

"தெரியலடி. வரல. நான் இன்னா பண்ணட்டும்?" என்று சொல்லி அழுதாள்.

கார்த்திகை பிறந்தது. குணாவின் படம் போட்ட பூஜை பேனர் அரசப்பன் ஹால் வாசலில் ஏறியது. சபை வாலிபன் சாம்சன் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கே போய்க் கேட்டான். அங்கே கிடைத்த பதில்: "உங்க மேல புகார் வந்துச்சு, பாத்தோம். அதுக்குப் புகார் வரல. வந்தா பாப்போம்." கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கிறது, இல்லையா? புகார் கொடுக்க ஆளிருக்கும் பக்கம் எது, கொடுக்கத் துணிச்சல் இல்லாத பக்கம் எது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

சாம்சன் மனு எழுதிக்கொண்டு விக்டோரியாவின் வீட்டுக்கு வந்தான்.

"சிஸ்டர், அவங்க பூஜைய நிறுத்தறதுக்கு இல்ல. நமக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமான்னு கேக்கறம். அவ்ளோதான்."

"ஈஸ்வரிக்கா பையனோட பூஜைப்பா அது. அவனுக்காகத்தான் நானும் ஜெபம் பண்ணேன்."

"தெரியும் சிஸ்டர். அன்னிக்கு நீங்கதான் உண்மையச் சொன்னீங்க, சபை போச்சு. இன்னிக்கும் நீங்களே சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா எல்லாரும் பழையபடி உங்ககூட நிப்பாங்க."

அவன் பேனாவையும் காகிதத்தையும் டிவி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். போட்டால் ஈஸ்வரி போய்விடுவாள். போடாவிட்டால் சபை திரும்பி வராது.

5

இந்த இடத்தில் கதை என்னிடம் வாலாட்ட ஆரம்பித்தது. விக்டோரியா மனுவைக் கிழித்துப் போடுகிறாள், 'என் சிநேகிதி சந்தோஷமா சாமி கும்புடட்டும்' என்கிறாள், ஜன்னல் வழியே சரணகோஷம் கேட்டுக் கண்ணீர் விடுகிறாள். முழுசாக எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது.

கலங்கியதும்தான் உறைத்தது. அந்த விக்டோரியாவை எனக்குப் பிடிக்கிறது. ஏன் பிடிக்காது? அவள் விட்டுக்கொடுத்தால் என் மருமகன் பூஜை நடக்கும், எனக்குப் பாயசம் கிடைக்கும், கூடவே அவள் எவ்வளவு நல்லவள் என்று நான் நாலு பக்கம் எழுதலாம். பூட்டுப் போட்டது போட்டபடி இருக்கும். அவமானப்பட்டவளே பெருந்தன்மையும் காட்ட வேண்டுமாம். நன்றாயிருக்கிறது நியாயம்! கிழித்த மனுவை நான் ஒட்டினேன்.

எனவே விக்டோரியா கையெழுத்துப் போட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் அல்ல. சாயங்காலம் அரிசி களைந்து வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள். "நெஜந்தான, போடறேன்" என்று ஏஞ்சலிடம் சொன்னாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் நின்றவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

(கையெழுத்து மட்டும் முழுக்கக் கற்பனை இல்லை. மனு ஒன்று நிஜமாகவே போயிருந்தது. எப்படித் தெரியும் என்கிறேன்.)

6

நான் கை கழுவிய இடத்துக்கு மறுபடி வாருங்கள்.

ஈஸ்வரி நெய்க் கையோடு நின்றிருந்தாள். படியேறி வந்தார் ஒரு சாமி. கறுப்பு வேட்டி, துளசி மாலை, நாற்பதைத் தொடும் வயது. அரசப்பன் ஓடிவந்து கும்பிட்டார். "சரவணகுமார் சாமி, வாங்க வாங்க. பந்தி காலியா இருக்குது." "அன்னிக்குப் பூட்டுன ஆபீசரு இவருதாண்ணே" என்று ஈஸ்வரி என் காதோடு சொன்னாள். சாமி எனக்கும் கை குவித்துச் சரணம் சொன்னார். நானும் பதிலுக்குச் சொன்னேன். உண்மையிலேயே பணிவான மனிதர்தான். அதில் பழுது சொல்ல எனக்கு வழியில்லை.

"ஓனரே, இந்த பூஜை மேல ஒரு மனு வந்திருக்கு. ஏதோ லேடி பேருல. அவசரம் இல்ல, திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம். முதல்ல பூஜை நல்லபடியா முடியட்டும்" என்று சொல்லிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார்.

ஞாயிறு நடந்த ஆராதனையை அன்றைக்கே வந்து, பாதிச் சாட்சியில் நிறுத்தியவர் இவர்தான். திங்கட்கிழமைவரை பொறுக்கலாம் என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்கிறார் என்றோ கெட்டவர் என்றோ நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி என்று அவருக்கு ஒருநாளும் படவில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் பட்டதா? கை கழுவ எழுந்திருக்காவிட்டால் படாமலே ரயிலேறியிருப்பேன்.

ஈஸ்வரி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முகம் சிவந்துபோனது.

"எம்புள்ள சாவக்கெடந்து பொயச்சி வந்துகிறான். அவன் பூஜை மேல போயி மனு குடுத்துகிறாளே, எவண்ணே அவ? தெரிஞ்சா நாக்கப் புடுங்கிக்கினு சாவற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்தாள். புடவை முந்தானையால் அதன் அடியைத் துடைத்தாள்.

"இது யாருக்கு?" என்றேன்.

"விக்டோரியாவுக்குண்ணே. படைச்சத அவ தொடமாட்டா. அதான் சாமிக்கு எலை போடறதுக்கு முன்னாடியே இவளுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவேன். நம்ம ஊட்டுல எந்த விசேசம்னாலும் அப்டித்தான். கீயதான் நின்னுக்கினு இருக்கா. கூப்ட்டா மேல வரமாட்டேங்கறா."

ஐயப்பனுக்கு முன்னால் விக்டோரியாவுக்கு எடுத்துவைக்கப்பட்ட சோறு அது. சட்டமும் தெரியாது, சமநீதியும் தெரியாது என் தங்கைக்கு. பூட்டியது தப்பு என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் இதைச் செய்கிறாள். அவளை என்னவென்று நான் எழுதுவது?

7

மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமைக்கென்று கட்டும் வெள்ளைப் புடவையில். ஈஸ்வரி ரோட்டைத் தாண்டிப் போய்த் தூக்கை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கவில்லை. ஏதோ சொன்னாள். சரணகோஷத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பொய் வராதவள் என்று அவளை நான்தானே எழுதினேன்? ஆகவே வேறு வழியில்லாமல் அவள் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

"ஈஸ்வரிக்கா, அந்த மனுவுல கீறது எங்கையெழுத்துதான்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஈஸ்வரியின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் என்ன சொன்னாள்?

'அத உடு, மொதல்ல துன்னு' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெருமை அதில் நாறியது.

'நீயாடி? நீயா?' என்று எழுதினேன். அழுகை வந்தது. இருந்தாலும் அடித்தேன். அந்தக் கேள்வியில் குற்றவாளி விக்டோரியா ஆகிவிடுகிறாள். பூட்டியவர்கள் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'எங்க சாமிக்குத் தொறக்கற கதவு உங்க சாமிக்கு ஏன் தொறக்கல...' என்று அவளைக் கேட்கவைக்கப் பார்த்தேன். அது என் தங்கை பேச்சே இல்லை. நான் பேச வேண்டியதை அவள் வாயில் திணிக்கிறேன். கைப்பிடிச் சுவரைவிட்டு நகர்ந்து, இலையில் உட்கார்ந்திருந்த அந்தச் சாமியிடம் போய் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால் ஈஸ்வரியின் பதிலை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு ஒரு வார்த்தை தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ரோட்டில், அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எழுதுங்கள். நான் மாடியில் இருந்தேன். அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை.