ஓட்டுநருக்கு ஒரு துணை பிக்கப்

பேருந்து ஓட்டுநர் இறந்த மறுவாரமே மகளின் பேஸ் கிட்டாருக்குள் குடிவந்துவிட்டார். கிட்டாரின் கழுத்தை ஒட்டி, தந்திகளுக்கு அடியில், மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய காந்தம் ஒன்று இருக்கும். பிக்கப் என்பார்கள். தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த வகைப் பிக்கப்பில் கொஞ்சம் இரைச்சல் இருப்பது சகஜம் என்பதால் மகள் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மாதான் கையில் கரண்டியோடு வந்து நின்று கேட்டுவிட்டு, இது ஏற்றத்தில் கியர் மாற்றும்போது அவர் முனகுவது என்றார். எஞ்சினோடு சேர்ந்து முனகியே வாழ்ந்த மனிதர் அவர். வீட்டில் சவரம் செய்யும்போதும் செருப்பைத் தேடும்போதும் அதே சுருதிதான். அக்கம்பக்கத்தார் வந்து கேட்டுப் பார்த்தார்கள், அவரேதான் என்று உறுதிசெய்தார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதன்பிறகு காலையில் ஆம்பிளிஃபயரைப் போடுவது அம்மாவின் பழக்கமாயிற்று. காய் நறுக்கிக்கொண்டே மாடிவீட்டார் துணி காயப்போட்டுத் தண்ணீர் சொட்டவைப்பதையும், குழாய் மறுபடி ஒழுகுவதையும் சொல்வார். ஓட்டுநர் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

வில்லங்கம் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தது. கல்யாண மண்டபங்களிலும் விடுதிகளிலும் வாசித்துக்கொண்டிருந்த மகளை முதல்முறையாக ஒரு பாட்டுத் தொகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒலிப்பதிவாளர், பாட்டு நின்ற இடத்தில் யாரோ ஒருவர் முனகுவதை ஹெட்போனில் கண்டுபிடித்தார். வாசிப்பு பிடித்திருக்கிறது, ஆனால் மாதக் கடைசிக்குள் சத்தமில்லாத கிட்டாரோடு வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே சொன்னார். அதற்கு வழி இருந்தது. தந்திகள் போய்ச் சேரும் முனையில் பிரிட்ஜ் என்ற கட்டை உண்டு. அதன் பக்கத்தில், எதிர்த்திசையில் கம்பி சுற்றிய இரண்டாவது பிக்கப்பை வைத்தால், இரண்டின் ஒலித் திருகுகளையும் முழுதாகத் திறக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோன்ற நாதமும் கொஞ்சம் தெளியும். இதையெல்லாம் மகள் இரவுச் சாப்பாட்டின்போது சுற்றி வளைத்துச் சொன்னாள். அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"அப்போ அவரை அமுக்கப் போற."

"அமுக்கலம்மா. சத்தம் மட்டும்தான் போகும்."

"சத்தம் போனா அவருகிட்ட மிச்சம் என்னடி இருக்கு?"

பிக்கப் பார்க்கத் தானும் வருவதாக அம்மா சொன்னார்.

கிட்டார் பழுதுபார்ப்பவரை வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஈயம் என்றே கூப்பிட்டார்கள். கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துப் பற்றவைத்து அவர் சட்டைக்கும் தலைமுடிக்கும் அந்த வாசனை வந்துவிட்டிருந்தது. உடைந்த கிட்டார்களிலிருந்து கழற்றிய பிக்கப்புகள் அவருடைய இழுப்பறைகளில் கிடந்தன. ஓட்டுநரின் முனகலைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை, பழைய சரக்கில் இப்படி யாராவது இருப்பது உண்டு என்றார். பிரிட்ஜ் பக்கம் தந்தி அவ்வளவாக அசையாது, அதனால் அங்கே வருகிற பிக்கப்புக்குக் கூடுதல் சுற்று வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துப் பக்கத்து ஆள் அதை விழுங்கிவிடுவார் என்று விளக்கினார். ஜோடி என்றாலே அப்படித்தான் என்றார் அம்மா.

அடுத்து நடந்தது வரன் பார்க்கும் படலம்தான். முதலில் மாட்டிய பிக்கப்பில் ஒரு பெண் இருந்தாள். குழைவான குரல். அவள் ஹம்மென்று இழுத்ததும் ஓட்டுநரின் முனகலும் இறங்கி, அவள் பின்னாலேயே போயிற்று. அம்மா கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு கழற்றச் சொன்னார். பலம் அருமையாகப் பொருந்துகிறதே என்று ஈயம் இழுத்தார்.

"பொருந்துறதுதான் தம்பி பிரச்சினை" என்றார் அம்மா.

அடுத்தது உறை பிரிக்காத புதுச் சரக்கு. உள்ளே ஒருவரும் இல்லை. மகளுக்கு அதன் நாதம் பிடித்திருந்தது, ஆனால் ஓட்டுநர் ஆளில்லாத பேருந்தை ஓட்டுவதுபோல அதன்மேல் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டே போனார். அதற்கடுத்ததில் இருந்தவர் நோஞ்சான். ஓட்டுநரின் ஒரே இழுப்பில் காணாமல்போனார். அவர் இருமலைக் கேட்டு அம்மாவே பரிதாபப்பட்டார். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே மாதத்தை ஓட்டிவிடுவதுதான் அம்மாவின் திட்டமோ என்று மகளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் சரிதான். பிற்பாடு மாடிவீட்டம்மாளிடம் அம்மாவே அதை ஒப்புக்கொண்டார்.

கெடு முடியும் தறுவாயில், இழுப்பறையின் அடியிலிருந்து மூடி மஞ்சளாய்ப் பழுத்த ஒரு பிக்கப்பை ஈயம் எடுத்தார். எந்தக் கிட்டாரில் கழற்றியது என்று அவருக்கு நினைவில்லை. பற்றவைத்து, இரண்டு திருகுகளையும் திறந்ததும் கடை இரண்டுபட்டது. இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து முனகினார்கள். திருகாணி டப்பாக்கள் அலமாரியில் குதித்தன. தந்தியை மீட்டினாலோ கொசு பறப்பதுபோல மெலிந்த ஓசைதான் வந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் கிட்டத்தில் போய், ஓட்டுநரின் திருகை மூடிவிட்டுப் புது ஆளைத் தனியாகக் கேட்டார். அவர் முனகினார், தொண்டையைச் செருமினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எப்போதோ பேருந்துப் பணிமனையில் கேட்ட அந்தச் செருமலை அம்மா அடையாளம் கண்டுகொண்டார். பணிமனையின் நேரக்காப்பாளர். எப்போதோ ஒருநாள் ஓட்டுநரின் வண்டி தாமதமாகக் கிளம்பியதாக எழுதிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஆனாலும் மதியமானால் ஒரே பெஞ்சில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒருவர் விடுப்பு என்றால் மற்றவர் டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நேரக்காப்பாளர்தான் முதலில் இறந்தார். அந்த வாரம் முழுக்க ஓட்டுநரின் டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்ததை அம்மா கவனித்திருந்தார், ஏன் என்று கேட்கவில்லை.

"இவங்களை எதிரெதிரா உக்கார வெச்சா கத்தத்தான் செய்வாங்க" என்றார் அம்மா. "ஒருத்தரைத் திருப்பி வைங்க தம்பி."

ஈயம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார். சூட்டுக்கோலை எடுத்து அவற்றை மாற்றினார். மகள் இரண்டு திருகுகளையும் முழுதாகத் திறந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அடித்தந்தியை மீட்டியபோது நாதம் தரை வழியாக வந்து காலில் ஏறியது. கனமாகவும் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. அது அடங்கியதும் மறுபடி நிசப்தம். மகள் தந்தியைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் கழற்றச் சொல்லிவிடுவதென்று முடிவுசெய்திருந்தாள்.

அம்மா ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"சாப்பிடறாங்க" என்றார்.

மகள் பதிவுக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் இவ்வளவு சுத்தமான நிசப்தம் கிடைத்ததில்லை என்று பாராட்டினார். அவரிடம் விவரம் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. வீட்டில் காலை நேரத்தில் அம்மா பிரிட்ஜ் பக்கத்துத் திருகை மூடி ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருப்பார். மதியமானதும் இரண்டையும் முழுதாகத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.