ஒட்டகத்துக்குக் காய்ச்சல்

இருபது வருஷம் மாட்டுப் பண்ணையில் கிடந்தவள் அவள். பண்ணையை மூடியதும், அலையாய் அலைந்து, விலங்குப் பூங்காவில் ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிடித்தாள். நாலு கால், ஒரு வால், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துவிட்டாள் மகராசி. அங்கே எல்லோரும் அவளை மாட்டுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மூன்று நாள் லாரிப் பயணம் முடிந்து ஒட்டகம் முந்தின நாள்தான் வந்திருந்தது. வழியில் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வந்த பிறகும் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. பூங்காவின் டாக்டரம்மா வெளியே கிளம்பும்போது, "அக்கா, காலைலயும் மத்தியானமும் உடம்புச் சூடு பாத்து எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காலையில் பார்த்தால் முப்பத்தைந்து டிகிரி. மாட்டுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் இருக்க வேண்டும். முப்பத்தைந்து என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். இரண்டு கம்பளிகளை எடுத்துப் போர்த்தி, கொட்டகைக் கதவையும் சாத்தினாள்.

மத்தியானம் பார்த்தால் நாற்பது.

"ஐயையோ, நானே அவிச்சுட்டேனே!" கம்பளிகளை உருவி எறிந்தாள், கதவைத் திறந்தாள், போனை எடுத்தாள். வேலை போனால் போகட்டும். வாயில்லா ஜீவனைக் கொன்ற பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், இமையை விலக்கிப் பார்த்தாள், கடைசியில் எழுதி வைத்ததைப் படித்தாள். படித்ததும் சிரித்தாள். மாட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிற நேரமா இது?"

"மாடா இருந்தா நானும் அழுதிருப்பேன் அக்கா. ஒட்டகத்துக்கு இது சகஜம். தண்ணி பத்தலைன்னா பகல் சூட்டை உடம்புலயே வாங்கி வச்சுக்கும். ராத்திரி குளிர்ல விட்டுடும். நம்மள மாதிரி உடனே வேர்த்துக் கொட்டினா பாலைவனத்துல எப்படிப் பொழைக்கும்?"

"நான் கம்பளி போத்தினேனே..."

"அதுக்குக் கொஞ்சம் திட்டியிருக்கும். மத்தபடி கல்லு மாதிரி இருக்கு."

அதற்குள் ஒட்டகம் நிதானமாக எழுந்தது. தொட்டியில் வாயை வைத்தது. மடமடவென்று உறிஞ்சியதில் பத்தே நிமிஷத்தில் தொட்டியின் அடி தெரிந்தது. மாட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அது மறுபடி குடித்தது, நிமிர்ந்து பார்த்து மறுபடியும் குடித்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டகத்தின் நீளக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நீ பொழைச்சது இருக்கட்டும்டி," என்றாள், "நான் பொழைச்சேன்."