ஹெப்ஸிபாவுக்கு மூன்றில் ஒரு பங்கு

1

இந்தக் கதை ஒரு தவறான புத்தகத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில், மழை தூறத் தொடங்கி எல்லோரும் அரங்குகளுக்குள் ஒண்டிக்கொண்ட ஒரு மாலையில், மொழிபெயர்ப்பு நாவல் என்று நம்பிக் கிருஷ்ணப்ரியா ஒரு தடித்த புத்தகத்தை வாங்கினாள். அட்டையில் ஒரு மரவீடு, புகைபோக்கி, தலையில் வெள்ளைத் துணிக் குல்லாய் அணிந்த பெண். வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து பிரித்தால் அது வரலாறு. அமெரிக்கா ஒரு நாடாவதற்கு முன் அங்கே குடியேறி வாழ்ந்த, யாரும் அதிகம் எழுதாத பெண்களைப் பற்றியது.

வரலாற்றைப் பாதியில் மூடிவைப்பது அவள் வழக்கம். இதையும் மூடியிருப்பாள். ஆனால் ஒரு பத்தி பிடித்து நிறுத்தியது. அந்தக் குடியேற்றங்களில் கணவன் இறந்துபோனால், அவனுடைய நிலத்திலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கை மனைவி சாகும்வரை அனுபவிக்கலாம். விற்க முடியாது. சில கணவர்கள் உயிலில் இதை நுணுக்கமாகப் பிரித்தே எழுதினார்கள்: கிழக்குப் பக்க அறை, நிலவறையில் ஒரு மூலை, கிணற்றுக்குப் போய்வர வழி, ரொட்டி அடுப்பில் அவளும் சுட்டுக்கொள்ளும் உரிமை, மகன் வெட்டித் தரவேண்டிய விறகு.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள் என்ன நினைத்தாள் என்பது மட்டும் பத்தியில் இல்லை. கதை அங்கேதான் இருக்கிறது என்று கிருஷ்ணப்ரியாவுக்குத் தோன்றியது.

(முதல் பிரதியில் கிருஷ்ணப்ரியா இருக்கும் இடத்தில் ‘நான்’ என்றுதான் இருந்தது. அந்த ‘நான்’ எல்லா இடத்திலும் அழகாகப் பேசியது. நம்ப முடியவில்லை. அதனால் ‘அவள்’.)

2

தொடக்கங்கள்.

“1741ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸில் அன்று பனி…”

விட்டுவிட்டாள். பனி பெய்து அவள் பார்த்ததில்லை. ருஷ்ய நாவல்களிலிருந்து இரவல் வாங்கிய பனி. வேறு ஊரில் கொட்டினால் கரைந்துவிடும்.

“ஹெப்ஸிபா* ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி தன்னுடையதல்லாத வயலைப் பார்த்து அழுதாள்.”

இது பிடித்திருந்தது. இரண்டு நாள் இந்த வாக்கியத்தோடு டவுன்ஷிப் முழுக்க சைக்கிளில் சுற்றினாள்.

* அந்தக் காலத்தில் அங்கே வேதாகமப் பெயர்கள் வைப்பார்கள். இங்கேயும்தான். ஒன்பதாம் வகுப்பில் கிருஷ்ணப்ரியாவுக்குக் கணக்கு எடுத்தவர் ஹெப்ஸிபா டீச்சர். கதையில் வருபவர் அவர் இல்லை. அம்மா கடைசிவரை இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

3

இப்போது அமெரிக்காவை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணப்ரியாவின் அப்பா சிங்காரவேலு நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவர். சித்திரை முடிந்தால் ரிட்டயர்மென்ட். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இதில் யாருக்கும் புகார் இல்லை. இங்கே எல்லா வீடும் ஒருநாள் இப்படித்தான் கைமாறும். ஆனால் பிறந்து வளர்ந்த வீட்டை, அதற்குள் இருந்துகொண்டே நினைத்து ஏங்குவது விநோதமான வியாதி. வேப்பமர நிழல் விழும் அகலமான தெரு, செகண்ட் ஷிஃப்ட் பஸ் முனையில் திரும்பும் சத்தம், எத்தனை துடைத்தாலும் ஜன்னல் விளிம்பில் படியும் கரித்தூள், மதில்மேல் வந்து நின்று எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போகும் மயில். எல்லாவற்றையும் அவள் இறந்தகாலத்தில் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அம்மா பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பிளாக் முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வந்த வாரமே, பால் வாங்கிக்கொண்டு திரும்பியவள் பின்கதவு வழியாக நுழைந்து, அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து நின்றாள்.

“யாருங்க நீங்க? எங்க வூட்டு அடுப்புல பால வெச்சிகினு நிக்கிறீங்க?”

அது காடாம்புலியூர்த் திலகவதி, அடுத்த வீடு. அந்தப் பாலிலேயே இருவரும் காபி போட்டுக் குடித்தார்கள். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த வேலியில் ஓர் ஆள் நுழையும் வழி உண்டானது. அம்மாவின் வாழ்க்கை அந்தப் பின்வாசல் வழியாகத்தான் நடந்தது: கறிவேப்பிலை, பலாச்சுளை, பிறத்தியார் கதை, சொந்த அழுகை. முன்வாசல் அப்பாவுடையது. ஹாலில் அவரும் அவருடைய சிநேகிதர்களும் இருப்பார்கள். அந்த வழியாகத் திலகவதி ஒருமுறைகூட வந்ததில்லை.

அண்ணன் விஷ்ணு வடலூரில் மனை வாங்கி வீடு கட்டப்போகிறான். இனி எல்லோரும் இருக்கப்போவது அங்கேதான். பிளானை அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். ஹால் உண்டு, இரண்டு பெட்ரூம் உண்டு. சமையலறை ஹாலின் மூலையிலேயே, நடுவில் சுவர் இல்லாமல், புது மாதிரியாக. பின்வாசல் இல்லை.

4

கிருஷ்ணப்ரியா கதையை அம்மாவிடம் சொன்னது ஒரு மத்தியான வேளையில். பேச்சியம்மாள் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கொதித்துப்போய்ச் சொன்னாள்: காலமெல்லாம் உழைத்த வீட்டில் வெறும் மூன்றில் ஒரு பங்கு, அதையும் விற்க முடியாது, மகன் வீட்டின் ஓர் அறைக்குள் அடைபட்டு…

“மூணுல ஒண்ணா?” என்றாள் அம்மா.

“ஆமா. அவ்ளோதான்.”

“எழுதியே வச்சிருக்கானா? மவன் பொறவு மாத்த முடியாதா?”

“முடியாது.”

“கெணத்துக்குப் போற வழிகூட?”

“அதையும்தான்.”

அம்மா கையிலிருந்த கொட்டையை உரித்து முடித்தாள். பிறகு, “உங்க டீச்சர் குடுத்துவச்சவ,” என்றாள்.

ஜன்னலோரம் அழுத வாக்கியம் அந்த இடத்தில் செத்தது.

அம்மா அதோடு விடவில்லை. கிழக்கு அறைக்குக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதைக் கிருஷ்ணப்ரியா யோசித்திருக்கவில்லை. ஹெப்ஸிபாவைப் பார்க்க ஒருத்தி வந்தால் மகனுடைய கூடத்தைத் தாண்டித்தான் வரவேண்டுமா, நேரே வரலாமா? “வழியில்லாத ரூமக் குடுத்து என்னட்டி பிரயோசனம்?”

அன்றிலிருந்து ஹெப்ஸிபா கைமீறிப் போனாள். இப்போது அவள் அழுவதில்லை. காலையில் கிழக்கு அறையின் தாழ்ப்பாளை நீக்கி, வாளியோடு கிணற்றுக்கு நடக்கிறாள். அறையில் தண்ணீர் நிறையவே இருக்கிறது. இருந்தாலும் மருமகள் பார்க்க, வழியை உபயோகிப்பதற்காகவே நடக்கிறாள்.

(ஹெப்ஸிபாவை ரொம்பவும் கொண்டாட முடியவில்லை. அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பெண்களை அங்கே சில உயில்கள் பங்கு வைக்கப்படும் பொருள்களோடு சேர்த்து எழுதின. அப்படியானால் அந்த ரொட்டி அடுப்பைப் பற்றவைத்தது யார்? அந்த வயல் அதற்குமுன் எந்தப் பூர்வகுடிப் பெண் சோளம் விதைத்த மண்? இவர்களைக் கதைக்குள் கொண்டுவர கிருஷ்ணப்ரியா பலமுறை முயன்றாள். “அடுப்படியில் டைனா என்ற பெண்…” என்று தொடங்கி நிற்கிறது. நிற்கட்டும். முடிக்கத் தெரியவில்லை என்று அழித்துவிட்டால் அவர்கள் மறுபடியும் காணாமல் போவார்கள்.)

5

போன சனிக்கிழமை வடலூரில் அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாள். விஷ்ணு சென்னையிலிருந்து வந்திருந்தான்; நெய்வேலியிலிருந்து மற்ற மூவரும் போயிருந்தார்கள். இன்ஜினியர் அருண்ராஜ் முளையடித்து நூல் கட்ட, மேஸ்திரி நூலோரமாகச் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போனார். மூன்று பக்கம் முடிந்தது. பின்சுவருக்கு வந்தபோது பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, நூலைத் தாண்டிப்போய் நின்றாள்.

“இங்கன ஒரு கதவு வேணும். உள்ள ஒரு சின்ன அடுப்பும்.”

விஷ்ணு சிரித்தான். எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள மருமககூட சண்டையா என்று கேலி செய்தான். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் குரல் மாறியது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் பிரிந்துபோயிற்று என்றுதான் பார்க்கிறவர்கள் பேசுவார்கள், பெண் கொடுக்க வருகிறவர்களின் கண் முதலில் அதில்தான் விழும் என்றான். அதில் பொய் இல்லை. இன்ஜினியர் தன் பங்குக்கு, பின்னால் இடம் விட்டிருக்கிறது, கதவு வைப்பதில் சிரமமில்லை, சார் சொன்னால் போதும் என்றார்.

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

“நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்,” என்றார் சிங்காரவேலு. “இப்பவே எதுக்குப் பங்கு கேக்க?”

“நீங்க இருக்கும்போதே கேட்டாத்தான் அது கதவு. பொறவு கேட்டேன்னு வைங்க, அழுதுட்டுக் கெடக்கா, பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.”

அவர் கோபப்படுவார் என்று கிருஷ்ணப்ரியா எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. இத்தனை காலம் கூட இருந்தவள் எந்த வாசல் பக்கம் இருந்தாள் என்று இப்போதுதான் தேடுகிறவர்போல் மனைவியைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

பின்சுவருக்கு நூல் மட்டும் இருக்கிறது. பொடி விழவில்லை.

6

முடிவு ஒன்று: அப்பா பொடி டப்பாவைத் தன் கையில் வாங்கி, கோடு போட்டுக்கொண்டே வந்து, ஒரு கதவின் அகலத்துக்கு நிறுத்தி… (இனிக்கிறது. இப்படிச் செய்கிறவராக இருந்தால் அம்மா கேட்டிருக்கவே வேண்டாம்.)

முடிவு இரண்டு: சுவர் முழுதாக எழும்புகிறது. அம்மா ஹாலின் மூலையில், வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, சமைக்கிறாள். திலகவதி தெருமுனைவரை வந்து, போன் செய்து, அப்படியே… (இதற்குமேல் கை வரவில்லை.)

முடிவு மூன்று, 1741: ஹெப்ஸிபாவின் கணவன் இன்னும் சாகவில்லை. உயில் எழுதுகிறவன் மைதொட்டுக் காத்திருக்கிறான். ஹெப்ஸிபா கட்டிலின் கால்மாட்டில் நின்று, எழுதுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறாள்.

இந்த மூன்றையும் நேற்று, வியாழக்கிழமை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். முதல் முடிவுக்கு அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு காகிதங்களை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“முடிச்சிராதட்டி. நீ எழுதுறதெல்லாம் உங்கப்பா எடுத்து வாசிப்பாரு. கதவு வச்சதா எழுதுனா, குடுத்தாச்சுன்னு நெனச்சிக்கிடுவாரு. வைக்கலன்னு எழுதுனா, அப்படித்தான் போலன்னு விட்டுருவாரு. சனிக்கிழமைக்கு நாளு இருக்குல்லா, சும்மா இரு.”

எனவே இந்தக் கதை வெள்ளிக்கிழமையோடு நிற்கிறது. ஹாலில் சிங்காரவேலு தனியாக உட்கார்ந்து போனில் பிளானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரலால் பெரிதாக்குகிறார், சின்னதாக்குகிறார், மறுபடியும் பின்பக்கத்தைப் பெரிதாக்குகிறார். இதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அது எதுவானாலும் மனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொன்னால் அவருக்குக் கேட்டுவிடும்.