சிவப்புச் சீட்டுக்கு வேலை இல்லை

அமெரிக்காவில், விஸ்கான்சினில் அந்த பம்ப் தொழிற்சாலை இவ்வளவு ஓகோவென்று எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. பிந்திப்போன ஆர்டர் ஒன்றுகூடக் கிடையாது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். மார்லிஸுக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

இருக்காதா பின்னே? பிந்துகிற ஆர்டர்களைத் துரத்துவதுதானே அவள் பிழைப்பு! பிந்திய ஆர்டரில் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு ஷெட் முழுக்க ஓடுவாள். "தீயணைப்பு வண்டி வருது, வழி விடுங்கடோய்!" என்று லைன் மேஸ்திரி வெர்லின் கத்துவான். எல்லாரும் திட்டிக்கொண்டேதான் செய்து கொடுப்பார்கள். பிறகு புதிய கணினித் திட்டம் வந்தது. எந்தப் பாகம் எப்போது தீரும் என்று அதுவே கணக்குப் போட்டு, அதுவே வரவழைத்தது. மார்லிஸை இருப்புக் கணக்குப் பார்க்க மாடிக் கண்ணாடி அறைக்கு அனுப்பி, சம்பளத்தையும் கூட்டினார்கள். அங்கே போன் அடிப்பதே இல்லை. புருஷன் போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. வாய் துருப்பிடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

ஒருநாள், இல்லாத ரப்பர் வளையங்களை இருப்பதாகக் கணினியில் ஏற்றிவிட்டாள். இருப்பு இருக்கிறதென்று நம்பி அது புதிதாக வரவழைக்காது, பெட்டி காலியாகும், லைன் நிற்கும், யாராவது "மார்லிஸ்!" என்று அலறுவார்கள். அவ்வளவுதான் ஆசை, பாவம்.

அந்த வாரம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. வெர்லின்தான் படியேறி வந்து நின்றான்.

"வளையக் கணக்கு தப்பா இருந்துச்சு. பெட்டியப் பாத்து நானே திருத்திட்டேன்."

"லைன் நின்னுச்சா?"

"நிக்கிறதாவது! அதுக்கு முன்னாடியே புது வளையம் வந்து எறங்கிருச்சு. ஆனா நீ கணக்குல கோட்டை விடுற ஆளே கெடையாதே. என்ன ஆச்சு ஒனக்கு?"

அவள் போனைக் காட்டினாள். "யாராச்சும் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்."

வெர்லின் தலையைச் சொறிந்தான். "அட லூசு! அதுக்கா இந்தக் கூத்து? சும்மா கீழ வர வேண்டியதுதானே?"

"சும்மா வந்து என்ன சொல்றது?"

வேலை மணி அடித்ததும், "சரி, வர்றேன்" என்று இறங்கிப் போனான்.

மார்லிஸ் அவன் பின்னாலேயே இரண்டு படி இறங்கினாள். கீழே போய்ச் சொல்ல ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று யோசித்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.