பியட் வண்டிக்குப் பூசை

மாட்டுக்கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் படுத்துக்கிடந்த பியட் காரை எழுப்பிக் காட்டுகிறேன் என்று பூபாலன் கிளம்பியபோது, திருத்தணியில் அவனைத் தெரிந்தவர்களில் சிரிக்காத ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன் அவன். செத்துப்போன நைனா வாங்கிய வண்டி, எடைக்குப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். செல்போனில் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தானா என்ன? ஆனால் இவன் அளவுக்கு அதைச் சொல்லித் திரிந்தவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

அந்தப் பெருமையில் பாதி வேணுவுக்குச் சேர வேண்டியது. வேணு, மனைவி சுதாவின் தம்பி. அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறான். ஞாயிறு தவறாமல் பைக்கில் வந்து வண்டிக்கடியில் படுத்து, எலி கடித்த ஒயர்களை மாற்றி, அடைத்துக்கிடந்த பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பி, எஞ்சின் முதல்முறை உறுமிய அன்றைக்கு “பாவா” என்று அக்கா புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தவன்.

வேணுவுக்கு ஒரு பழைய பேர் உண்டு. மீசை முளைக்காத வயசில், சேராத சேர்க்கை சேர்ந்து, சொந்தக்காரர் கிணற்று மோட்டாரின் காப்பர் கம்பியை உருவி விற்று மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அடுத்தவர் பொருளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் வந்துபோனால் டம்ளரை எண்ணிப் பார்க்கிற சொந்தம் இன்னும் இருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தை வெள்ளிக்கிழமை வண்டியை மலைமேல் ஓட்டிப்போய்ப் பூசை போடுவதாக ஏற்பாடு. பள்ளிப்பட்டிலிருந்து பூபாலனின் அக்கா ரஞ்சிதம் முதல்நாள் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டாள். மாமியார் கௌரியம்மாள் விடியற்காலையில் மகன் வேணுவின் பைக்கில் வந்தாள். ராகுகாலம் பிறக்குமுன் கிளம்ப வேண்டும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தெருவே கூடி நிற்க, பூபாலன் பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் சுற்றியதே தவிரப் பற்றிக்கொள்ளவில்லை. நாலைந்து தடவை முயன்றும் அதே கதை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூபாலனுக்குக் காது சுட்டது. இறங்கி பானெட்டைத் தூக்கி, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு அது. அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. யாரும் தனக்கு முன் வண்டியை எடுத்துவிடக் கூடாதென்று நேற்றுச் சாயங்காலம் கழற்றியவன் அவனேதான். கழற்றி டூல்பாக்ஸில் போட்டோம் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தான். டூல்பாக்ஸில் அது இல்லை. காலையில் அந்தப் பெட்டியைத் திறந்தவன் வேணு ஒருத்தன்தான்.

“அந்தப் புத்தி இன்னும் போகலியா ஒனக்கு?” என்று பூபாலன் தெரு கேட்கக் கேட்டான்.

வேணுவின் முகம் செத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மென்று முழுங்கி, “நான் எடுக்கல பாவா” என்று மட்டும் சொன்னான். பிறகு பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். கௌரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். குற்றமுள்ளவன்தான் ஓடுவான் என்று ரஞ்சிதம் அக்கம்பக்கத்தாருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடி ஓய்ந்த பிறகு, நின்ற இடத்திலேயே ஆரத்தியாவது காட்டிவிடலாம் என்று, கற்பூரம் எடுத்து வரச் சுதா அவனைப் பூசையறைக்கு அனுப்பினாள். முருகன் படத்துக்கடியில் அவள் அவசரத்தில் கூடையோடு கொட்டியிருந்த சாமந்தியை விலக்கினான். சந்தனம் தடவி, குங்குமப் பொட்டோடு ரோட்டர் உட்கார்ந்திருந்தது.

எல்லாம் நினைவுக்கு வந்தது. ராத்திரி முழுக்க சாமி காலடியில் இருக்கட்டும் என்று கையைக் கழுவிவிட்டு வந்து தானே பொட்டு வைத்தது, அந்த நேரம் ரஞ்சிதம் வந்திறங்கிய சத்தம் கேட்டு வெளியே ஓடியது, எல்லாமே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தால்கூடப் பரவாயில்லை. இவன் அடுத்தவனைத் திருடன் என்றல்லவா சொல்லிவிட்டான். வெளியே போய்ச் சொல்ல வேண்டும். தெருவே நிற்கிறதே, எந்த முகத்தோடு சொல்வது? ரோட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ராத்திரி வேணுவுக்குப் போன் செய்து தனியாகச் சொல்லிவிடலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வெட்கங்கெட்ட மனசு எத்தனை சுலபமாக வழி கண்டுபிடிக்கிறது, பாருங்கள்.

வாசலுக்கு வந்தால் வேணு நிற்கிறான். அரக்கோணத்தில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பிடித்து, அவர் பழைய சாமான் குவியலைக் கிளறி, இந்த வண்டிக்குச் சேர்கிற ரோட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். நேரமாகிறது, மாட்டுங்கள் என்று நீட்டினான். பூபாலன் அவன் கண்ணைப் பார்க்காமல் வாங்கி மாட்டினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. தெரு கைதட்டியது.

“பாத்தியா, கொண்டாந்து குடுத்துட்டான்,” என்றாள் ரஞ்சிதம். “நாலு பேரு முன்னால கேட்டாத்தான் வருது.”

ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. கௌரியம்மாள் எழுந்து மகனிடம் போனாள். “ஏன்டா என்னைத் தலை குனிய வெக்கிற?” என்று அழுதபடி அவன் தோளில் அடித்தாள். வேணு அடியை வாங்கிக்கொண்டு நின்றான்.

கியரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் போதும், வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்விடும். பூபாலனின் கால் கிளட்ச்மேல்தான் இருந்தது. அவனால் முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். சட்டைப்பையிலிருந்து குங்குமம் ஒட்டிய ரோட்டரை எடுத்து எல்லாருக்கும் தெரியப் பிடித்தான்.

“அவன் எடுக்கல. நான்தான் சாமிகிட்ட வெச்சிட்டு மறந்துட்டேன். இவன் வர்றதுக்கு முன்னாலயே கெடச்சிடிச்சி. சொல்ல வாய் வரல.”

வேணு அந்த ரோட்டரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“தெரியும் பாவா. காலையில அக்கா பூ போடறதுக்கு முன்ன, திருநீறு எடுக்க சொல்லோவே பாத்தேன்,” என்றான்.

“அப்பவே சொல்றதுக்கு என்னடா?”

“சொல்லியிருந்தா, நான்தான் கொண்டும்போய் அங்க வெச்சேன்னு சொல்லியிருப்பீங்க.”

பூபாலன் அப்படித்தான் சொல்லியிருப்பான், அது அவனுக்கே தெரிந்தது. வண்டிச் சாவியைக் கழற்றி வேணுவிடம் நீட்டி, “நீ ஓட்டுடா, நான் பின்னால ஒக்காந்துகினு வர்றேன்” என்றான். குரல் கெஞ்சியது.

வேணு சாவியை வாங்கவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, “ஏறும்மா, ஊட்டுக்குப் போலாம்” என்று பைக்கை எடுத்தான்.